அசையாமை வேறு, வலியின்மை வேறு

கால்நடை மருத்துவம் பற்றிய அறிக்கைகளைத் தமிழாக்கும்போது மொழிபெயர்ப்பாளனை அடிக்கடி இடறச்செய்யும் சொல் ஒன்று உண்டு. 'மயக்கம்' என்பதே அது. விலங்கை அமைதிப்படுத்துதல், அசையவொட்டாமற் செய்தல், உணர்வகற்றல், வலி தணித்தல் ஆகிய நான்கும் வெவ்வேறு செயல்கள். அவற்றின் நோக்கங்கள் வேறு; அபாயங்களும் வேறு. ஆயினும் நம் செய்தித்தாள்களும் பேச்சு வழக்கும், சில வேளைகளில் அலுவலகக் குறிப்புகளுங்கூட, இந்நான்கையும் 'மயக்க ஊசி' என்னும் ஒரே பெயருக்குள் அடக்கிவிடுகின்றன. இதனைச் சொற்பூசல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பெயர் ஒன்றாயிருத்தலின் பயிற்சியும் ஒன்றென்றே கருதப்படுகிறது. விலங்கு படுத்துவிட்டாலோ, நின்றவிடத்தே அசையாது நின்றுவிட்டாலோ மருந்தின் வேலை நிறைவேறிற்று என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது.

இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. சக்சினைல்கோலின் என்னும் மருந்து தசைகளைச் செயலிழக்கச் செய்வது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் குதிரைகளை வீழ்த்தி விதைநீக்கம் செய்வதற்குப் பல நாடுகளில் இது பயன்படுத்தப்பட்டது. குதிரை விழும், காலை உதறாது, கத்தி தன் வேலையைச் செய்யும். ஆனால் அம்மருந்து மூளையின் உணர்வையும் தொடுவதில்லை, வலியையும் தொடுவதில்லை. விலங்கு முழு விழிப்புடன், கத்தவும் இயலாமல் கிடந்தது. பார்த்து நின்றவர்களுக்கோ யாவும் செவ்வனே நடப்பதாகத் தோன்றியிருக்கும்.

இப்பொருள் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளில் அண்மைக்காலத்தில் எல்லோரும் பேசும் பொருளாயிற்று. அதற்குக் காரணம் யானைகள். 2023 ஜனவரி 22 அன்று பாலக்காட்டை அடுத்த தோணியில் 'பி.டி. 7' என்று குறிக்கப்பட்ட ஆண் யானையைக் கேரள வனத்துறையினர் மருந்தூசி எய்து பிடித்தனர். அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் அரிக்கொம்பன் பிடிபட்டது. இரு பணிகளிலும் மருத்துவக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டாக்டர் அருண் சக்கரியா. பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன், மே 27 அன்று மலையிறங்கிக் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறையினர் அதனை மீண்டும் மருந்தூசி எய்து பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல்கோதையாற்றுப் பகுதிக்குக் கொண்டுசென்றனர். ஒரே விலங்கு 37 நாட்களில் இரண்டு மாநிலங்களின் மருத்துவர்களிடம் ஊசி ஏற்றுக்கொண்டது.

யானைக்குப் பெரும்பாலும் சைலசின், கெட்டமின் ஆகிய இரு மருந்துகளின் கலவையே நம் நாட்டில் பயன்படுகிறது. இக்கலவையின் சிறப்பு, யானையை விழச்செய்யாமல் நின்ற நிலையிலேயே தளர்த்திவிடுவது. இது வெறும் வசதிக்காக மேற்கொள்ளப்பட்ட முறையன்று. பிற பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே ஒரு வெளி உண்டு. யானைக்கு அவ்வெளி இல்லை. நுரையீரல் மார்புச் சுவரோடு இணைதிசுவால் ஒட்டியிருக்கிறது. மார்பும் விலாவும் விரிந்தாலன்றி அதற்கு மூச்சில்லை. ஆகவே மருந்துண்ட யானை மார்பு தரையில் அழுந்தக் குந்திவிடுமாயின் தன் எடையே அதன் மூச்சுக்குப் பகையாகும். விரைந்து பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். துதிக்கை மடிந்து உடலின் கீழ் அகப்பட்டாலும் அதே ஆபத்துத்தான். இவற்றைக் கவனிக்க வேண்டியவர் ஊசி எய்தவர் மட்டுமல்லர். பாகனும் வனக்காவலரும் கயிறு பிடிப்பவரும் அறிந்திருக்க வேண்டும்.

தோணியில் பிடிபட்ட யானையின் உடலில் சிறு குண்டுகள் பாய்ந்திருந்தமை பின்னர்த் தெரியவந்தது. ஒரு கண்ணின் பார்வையும் போயிருந்தது. ஊரார் கண்ட சினத்துக்குப் பின்னால் ஊரார் காணாத வலி எவ்வளவு இருந்தது என்பதை அளக்க நம்மிடம் கருவியில்லை. அதிரப்பள்ளியில் தலையில் ஆழ்ந்த புண்ணுடன் அலைந்த யானை, 2025 பிப்ரவரி 19 அன்று மருந்தூசி எய்து பிடிக்கப்பட்டுக் கோடநாட்டு முகாமில் சிகிச்சை பெறுகையில் இரண்டே நாளில் இறந்தது. இத்தகைய இறப்புகளை எவர்மேலும் பழி சுமத்துவதற்காக நான் எடுத்துக்காட்டவில்லை. நோயுற்ற விலங்குக்கு மருந்து செலுத்துவது நலமுள்ள விலங்குக்குச் செலுத்துவதினும் பன்மடங்கு கடினம்.

யானையைப் பற்றி இவ்வளவு கூறியபின் என் கருத்தைத் தெரிவித்துவிடுகிறேன். வனவிலங்குகளுக்கான பயிற்சி வேண்டற்பாலதே. ஆனால் எல்லைப்புறத்தின் அன்றாட வலி காட்டில் இல்லை, தொழுவத்தில் இருக்கிறது. சிற்றூர் வட்டத்துக் கறவைப் பசுவிடமும், மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் கட்டப்பட்டிருக்கும் மாட்டிடமும், அட்டப்பாடிக் கறுப்பாட்டிடமும் இருக்கிறது. இவற்றின் வலியைப் படம் பிடிக்க எவரும் வருவதில்லை. காளைக் கன்றுக்குப் பர்டிசோ இடுக்கியால் காயடிக்கும்போதும், கொம்புக் குருத்தைச் சுடும்போதும் நம் நாட்டில் பெரும்பாலும் கயிறே மருந்தாக இருந்துவருகிறது. நான்கு பேர் அழுத்திப் பிடிப்பர், கன்று கதறும், பின்பு எழுந்து புல் மேயும். 'மாடு தாங்கும்' என்பது அனைவரும் ஒப்பிய கொள்கை.

மாடு தாங்குவது உண்மையே. பிற விலங்குகளுக்கு இரையாகும் இனங்கள் வலியை வெளிக்காட்டாமல் மறைக்கும் இயல்புடையன. தளர்ந்தது என்று தெரிந்தால் வேட்டை விலங்கு அதனையே தேர்ந்தெடுக்கும். எனவே அமைதியை வலியின்மைக்குச் சான்றாகக் கொள்வது முறையன்று. பல்லை நறநறவென்று கடித்தல், அசைபோடுதல் குறைதல், செவி பின்னோக்கிச் சாய்தல், கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்றல், முதுகைக் கூனிக்கொள்ளுதல் ஆகியவை அதன் மொழி. இம்மொழியைக் கற்பிக்கப் பள்ளி ஆசிரியரே போதும். வீட்டில் ஆடு மாடு உள்ள மாணவர்கள், சொல்லிக்கொடுத்தால், மருத்துவருக்கு முன்பே இவற்றைக் கண்டு சொல்வார்கள்.

செலவாகும் என்பது முதல் எதிர்வாதம். கெட்டமின் 2013 முதல் கடுங்கட்டுப்பாட்டு மருந்து அட்டவணையில் இருப்பதால், ஒதுக்குப்புறமான மருந்தகம் ஒன்று அதனை வாங்கி வைப்பதும் கணக்குக் காட்டுவதும் எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மக்கள் 'மரத்துப்போகும் ஊசி' என்று கூறும் லிக்னோகெயின் அத்தகையதன்று, விலையும் குறைவு. மாட்டின் கடைக்கண்ணுக்கும் கொம்பின் அடிக்கும் இடையே, எலும்பு விளிம்பின் கீழாக ஓடும் நரம்பைச் சுற்றி அதனைச் செலுத்திவிட்டால் கொம்பின் அடி மரத்துவிடும். நின்ற மாட்டுக்கு விலாவைத் திறந்து கன்றை எடுக்கும் அறுவையும் இம்மருந்தொன்றைக் கொண்டே செய்யப்படுகிறது. ஆக, குறைவாக இருப்பது மருந்தன்று. நரம்பு எங்கே ஓடுகிறது என்பதை விரல் நுனியில் அறிந்த கைகளே குறைவு.

அளவு பற்றிய அறிவும் அப்படியே. மாட்டுக்குப் பழகிய கை ஆட்டுக்குட்டியிடம் ஆபத்தாகலாம். ஆட்டுக்கு 1 கிலோ எடைக்குச் சுமார் 5 மில்லிகிராம் லிக்னோகெயினே பாதுகாப்பான எல்லை. கடையில் கிடைக்கும் 2 சதவீதக் கரைசலில் 1 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் உண்டு. 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு முக்கால் மில்லிலிட்டருக்கு மேல் செல்லலாகாது. அதன் காயத்தைச் சுற்றித் தாராளமாக 5 மில்லிலிட்டர் செலுத்தினால் குட்டி வலிப்புக் கண்டு மாளும். பழி மருந்தின்மேல் விழும். பாதியாக நீர்த்துச் செலுத்தும் வழக்கத்தை ஒரு பிற்பகலில் கற்பித்துவிடலாம். சைலசினிலோ நிலை வேறு: குதிரைக்குத் தேவையானதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். சினை முதிர்ந்த பசுவுக்கு அது கருப்பையைச் சுருங்கச் செய்வதால் எச்சரிக்கை வேண்டும். படுத்த மாட்டின் இரைப்பை உப்பும். வாய்நீர் மூச்சுக்குழலில் இறங்கும். தலையைச் சற்றே உயர்த்தி மூக்கு தாழ வைத்தால் நீர் வடிந்துவிடும். இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் உதவியாளர்.

வேலை முடிந்த பின்புள்ள நேரத்தைப் பற்றி நம் பயிற்சி ஏடுகள் மிகச் சுருக்கமாகவே பேசுகின்றன. லிக்னோகெயினின் ஆற்றல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்கிறது. அப்போது மருத்துவர் அடுத்த ஊரில் இருப்பார். கன்றுக்கு வலி தொடங்கும். மெலாக்சிகாம் ஊசி ஒன்று மாட்டின் உடலில் ஒரு நாளுக்கு மேலும் நின்று இவ்விடைவெளியை நிரப்ப வல்லது. வேறொரு வகையிலும் அதுவே ஏற்றது. கால்நடைகளுக்குச் செலுத்திய டைக்ளோஃபினாக்கு, அவற்றின் பிணங்களைத் தின்ற பாறுக்கழுகுகளை மாய்த்தமையால் 2006-இல் தடைசெய்யப்பட்டது. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-இல் தடைசெய்யப்பட்டன. வயநாட்டிலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு மெலாக்சிகாம் தீங்கிழைப்பதில்லை.

பயிற்சி எங்கே நடைபெற வேண்டும்? மண்ணுத்தியிலும் பூக்கோட்டிலும் கேரளத்தின் கல்லூரிகள் உள்ளன. தமிழ்நாட்டில் 2020-இல் தொடங்கப்பெற்ற உடுமலைப்பேட்டை, தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிகள் எல்லைக்கு மிக அருகில் அமைந்திருக்கின்றன. மறையூரிலிருந்து உடுமலைக்கும் குமுளியிலிருந்து தேனிக்கும் செல்வது, திருவனந்தபுரத்துக்குச் செல்வதினும் எளிது. இரு மாநில மருத்துவர்களும் ஒரே மேசையைச் சுற்றி நின்று கற்பதற்கு எல்லைக்கோடு தடையாக இருக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடு அன்று மாலையே பாலக்காட்டுத் தொழுவத்தில் நிற்கிறது. விரிவுரை மண்டபம் அவ்வளவாகத் தேவையில்லை. இறைச்சிக் கூடத்திலிருந்து பெற்ற மாட்டுத் தலைகள் சிலவும், சாயமிட்ட நீர் நிரப்பிய ஊசிக்குழல்களும் இருந்தால் கொம்பு நரம்பின் பாடத்தைக் கையாலேயே கற்கலாம். ஊசியைச் செலுத்தி, பின்பு அறுத்துப் பார்த்து, சாயம் நரம்பைச் சேர்ந்ததா என்று காணலாம். இது தேர்வுத்தாளினும் நேர்மையான தேர்வு.

1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி மருத்துவம் செய்யும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கே உரியது. மாநில அரசு வரையறுக்கும் சிறு சிகிச்சைகளை மட்டும் பிறர் அவர்தம் மேற்பார்வையில் செய்யலாம். இதைக் காரணங்காட்டி உதவியாளரைப் பயிற்சிக்கு வெளியே நிறுத்துவது தவறாகும். அவர் மருந்தைச் செலுத்த வேண்டியதில்லை. மூச்சை எண்ண வேண்டும், ஈறின் நிறத்தைப் பார்க்க வேண்டும், நேரத்தைக் குறிக்க வேண்டும். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் சிற்றூரிலும் இவ்வேலை செய்வோரில் பலருக்குத் தமிழே வீட்டு மொழி. அவர்களுக்கான கையேடு மலையாளத்திலும் தமிழிலும் அச்சாக வேண்டும். அதில் மேற்சொன்ன நான்கு செயல்களுக்கும் நான்கு சொற்கள் இருக்க வேண்டும்.

பதிவேட்டுத் தாளையும் இவ்வாறே இரு மொழியில் அமைத்தல் நன்று. விலங்கின் எடை, தந்த மருந்து, அளவு, நேரம், எழுந்த நேரம், மாற்று மருந்து தரப்பட்டதா என்பன இப்போதும் பல தாள்களில் இடம்பெறத் தக்கவையே. அவற்றோடு வலிக்கென்று ஒரு கட்டம் சேர்க்கப்படட்டும்: ஆறு மணி நேரத்திற்குப் பின் விலங்கு அசைபோட்டதா, தீனி எடுத்ததா, ஒதுங்கி நின்றதா. அந்நேரத்தில் மருத்துவர் அங்கிரார். ஆதலின் கட்டத்தை நிரப்ப வேண்டியவர் மாட்டுக்காரர். தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவர் மருந்தக உதவியாளர்.