நம் பள்ளி மாடிக்கு ஒரு ஆன்டெனா வேண்டும்!



"வானிலைப் படமா? அதான் போனைத் தட்டினா வருதே! அதுக்கு எதுக்குப்பா மாடியில கம்பி கட்டுற?" நான் வீட்டில் செயற்கைக்கோள் படம் பிடிக்கிறேன் என்று தெரிந்த எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவும், நம் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள் வைக்கவும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இது எப்படி நடக்குதுன்னு சொல்லிடுறேன். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசை வானிலைச் செயற்கைக்கோள்கள் சுமார் 820 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு 100 நிமிடம்போல ஆகும். கீழே தெரியும் மேகத்தையும் நிலத்தையும் படமெடுத்து, 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அப்போதே வானொலி அலையாக அனுப்பிக்கொண்டே போகும். பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

அதைப் பிடிக்க என்ன வேணும்? டிவி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட, பென் டிரைவ் அளவுள்ள ஒரு யுஎஸ்பி ரிசீவர். அதைப் பொது வானொலியாகவும் மாற்றலாம் என்று 2012-ல் தெரிய வந்தது. எங்கள் வீட்டில் அண்ணன் வாங்கியது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆன்டெனாவுக்கு 53 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பி. அவற்றை 120 டிகிரியில் விரித்து, படுக்கைவாட்டில், வடக்கு தெற்காக வைக்க வேண்டும். அது என்ன 53 செ.மீ. கணக்கு? இயற்பியல் புத்தகத்தில் இருக்கே! ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் சுமார் 2.18 மீட்டர். அதில் கால் பங்கு, கம்பிக்காகக் கொஞ்சம் குறைத்தால் 53. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சூத்திரம் ரம்பம் பிடித்து அறுக்கிற அளவாக மாறுவதை அன்றுதான் பார்த்தேன்.

செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்க 12 முதல் 15 நிமிடம் ஆகும். நம்மை நோக்கி வரும்போது அதிர்வெண் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் கூடும், விலகும்போது அதே அளவு குறையும். டாப்ளர் விளைவு கண்ணுக்கு முன்னாடியே நடக்குது! காதுக்கு வெறும் இரைச்சல்தான். ஆனால் கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் அதைப் படமாக்கித் தரும்போது இலங்கை, மேற்குத் தொடர்ச்சி மலை, வங்கக் கடல் மேகம் எல்லாம் பாய் விரித்த மாதிரி கிடக்கும்.

சரி, போனிலேயே வருவதை ஏன் பிடிக்கணும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. அந்த வாரம் எங்கள் தெருவில் போனுக்குப் போன் பறந்த படங்கள் எத்தனை! ஒன்றில் தேதி இல்லை. இன்னொன்றில் கண் தெளிவாகத் தெரியும் மாபெரும் சூறாவளி, ஆனால் அது எந்தக் கடல் என்றே தெரியவில்லை. அதைப் பார்த்து நடு ராத்திரியில் மூட்டை கட்டியவர்களும் உண்டு. நிஜமான எச்சரிக்கை வந்தபோது "இதுவும் புரளிதான்" என்று படுத்துத் தூங்கியவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து இல்லையா?

கேப்பையில் நெய் வடியுதுன்னா கேட்பவருக்கு மதி எங்கே என்பார்கள். அந்த மதி தானாக வராது. சொந்தமாகப் பத்துப் படம் பிடித்தவன் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்பான்: எந்தச் செயற்கைக்கோள்? எத்தனை மணி? கரை எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத படத்தை அவன் யாருக்கும் அனுப்ப மாட்டான். என் பதில் இதுதான் நண்பர்களே!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும். மாடியில் பிடிக்கும் படம் புயல் எச்சரிக்கை ஆகாது. ஒரு செயற்கைக்கோள் நமக்கு வசதியாகக் கடப்பது ஒரு நாளைக்கு இரண்டொரு தடவைதான். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து நாள் முழுக்க நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்சாட் படங்களை வைத்து எச்சரிக்கை கொடுப்பது வானிலை ஆய்வு மையத்தின் வேலை. நாம் படிப்பது அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளத்தான், போட்டி போட அல்ல.

இன்னொன்று. பழைய வீடியோக்களைப் பார்த்து அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்களைத் தேடாதீர்கள். 1963-ல் டைரோஸ்-8 தொடங்கி வைத்த எளிய ஒலிமுறைப் படங்களைக் கடைசிவரை அனுப்பிய நோவா 15, 18, 19 மூன்றும் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டன. 1998-ல் ஏவிய நோவா-15 மட்டும் 27 வருஷம் உழைத்தது! இலவசமாகக் கிடைப்பது எப்போதும் கிடைக்கும் என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே தலைமையாசிரியர் ஐயாவுக்கு என் வேண்டுகோள். கம்ப்யூட்டர் அறையில் சும்மா இருக்கும் ஒரு கணினியும், ஒரு ரிசீவரும், மாடியில் ஒரு ஆன்டெனாவும் போதும். "பசங்க மாடி ஏறினா யார் பொறுப்பு?" என்ற கவலை சரிதான். பெரியவர்கள் யாராவது ஒருமுறை கட்டிவிட்டு ஒயரைக் கீழே இறக்கிவிட்டால் அப்புறம் யாரும் மேலே போக வேண்டியதில்லை. இடி மின்னல் நாட்களில் ஒயரைக் கழற்றி வைத்துவிடலாம். தினமும் ஒரு படத்தைத் தேதி, நேரம், செயற்கைக்கோள் பெயர் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பக்கத்தில் நம் மழைமானியின் அளவையும் எழுதுவோம். ஒரு வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் கூட மேகம் படிக்கக் கற்றுக்கொள்வார்கள்.

இது வீண் செலவு என்று நினைப்பவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்!

– பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு