நீர் மாத்திரைக்கு லீவு கிடையாது!

"கல்யாணத்துக்கு பஸ்ஸிலே போகணும், வழியிலே அவஸ்தை வேண்டாமேன்னு மூணு நாளா நீர் மாத்திரையை நிறுத்திட்டேன், டாக்டரம்மா!" என்று மூச்சிரைக்கச் சொன்னார் ஒரு மாமி. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். ஊசி போட்டு நீரை இறக்கி, ஆறாம் நாள்தான் அவரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது.

'இதயச் செயலிழப்பு' என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, சகோதரிகளே! கிணற்று மோட்டார் பலவீனமானால் தண்ணீர் சரியாக ஏறாது இல்லையா? அப்படித்தான். இரத்தத்தைத் தள்ளும் வலு குறைவதால் உப்பும் நீரும் உடம்பில் தங்கிவிடுகின்றன. ஃப்ரூஸ்மைடு போன்ற நீர் மாத்திரை அதை வெளியேற்றுகிறது. பயண நாளில் அதை விட்டுவிட வேண்டாம். எத்தனை மணிக்குப் போடலாம் என்று முன்கூட்டியே டாக்டரைக் கேளுங்கள்.

1785-ல் இங்கிலாந்து டாக்டர் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் செடியின் இலையால் நீர்க்கோவைக்குச் செய்த வைத்தியத்தைப் புத்தகமாக எழுதினார். அந்த இனச் செடியிலிருந்து வந்ததுதான் டிஜாக்ஸின். பிறகு ஆயுளையே நீட்டிக்கும் மருந்துகள் வந்தன. எனாலப்ரில் 1987-லும், ஸ்பைரனோலாக்டோன் 1999-லும், சர்க்கரைக்கென்று வந்த டாபாகிளிஃப்ளோசின் 2019-லும் ஆராய்ச்சியில் பலன் காட்டின. ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. "எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று நாமே ஒன்றைக் கழித்துவிடக் கூடாது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை:

* காலையில் பாத்ரூம் போய் வந்ததும், காபிக்கு முன்பு எடை பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடனே டாக்டரிடம் போங்கள்.

* ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்கு விடை கொடுங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பும், தினசரி இளநீரும் சில மாத்திரைகளோடு ஒத்துக்காது, கேட்காமல் கொடுக்காதீங்க.

* மூட்டு வலிக்கென்று கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வாங்கித் தராதீங்க. அவை உப்பையும் நீரையும் தேக்கிவிடும்.

* எனாலப்ரிலால் வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு இதயம் பலவீனமாவதுண்டு. படுத்தால் மூச்சு முட்டுவதை "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீங்க. அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்!