ஐம்பதுக்கு மேல் சேணம் ஏறலாம்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் காலை நடை போகிறவர்களிடையே ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது: ஐம்பதைத் தாண்டியவருக்குக் குதிரையேற்றம் எதற்கு? விழுந்தால் எலும்பு கூடுமா? அது இளைஞர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் உரியதாயிற்றே?

ஆபத்து உண்மைதான். எலும்புத் தேய்மானம் உள்ளவரும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. ஆனால் அது முன்னெச்சரிக்கைக்குக் காரணம், தடைக்கு அல்ல. தலைக்கவசம், சாதுவான குதிரை, கயிற்றைப் பிடித்து வட்டமாக நடத்தும் பயிற்சியாளர் ஆகியவற்றோடுதான் முதல் பாடமே தொடங்குகிறது.

வயதைச் சொல்வோருக்கு ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு பதில். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பங்கேற்ற அவர், 2012இல் லண்டனில் 71 வயதில் மீண்டும் சேணத்தில் அமர்ந்தார்.

வாழ்நாள் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது என்பது நியாயமான மறுப்பு. அப்படியானால் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலைப் பாருங்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்டவர். அவரே 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். சமநிலையும் பொறுமையும் கால் வலிமைக்கு ஈடுகொடுக்கும் என்பதற்கு அவரே சான்று. நடக்கும் குதிரை, அமர்ந்திருப்பவரின் இடுப்பை மனித நடையைப் போலவே அசைக்கிறது. இயன்முறை சிகிச்சையாளர்கள் அதைப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

செலவு பற்றிய குறை மட்டும் வலுவானது. மெரினா மணலில் ஒரு சுற்று பாடமாகாது. கிண்டியில் குதிரைப் பந்தய மரபு கொண்ட சென்னையில், மூத்தோருக்குக் குறைந்த கட்டணத்தில் மெதுநடை வகுப்புகள் வேண்டும் என்று கேட்பதே இந்த விவாதத்தின் அடுத்த வேலை.