முதியோர் இல்லத்துக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?



முதியோர் இல்லம் என்று சொன்னவுடன் எங்களிற் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. பெற்ற தாயைக் கொண்டுபோய் விட்டவள் என்று ஊர் பேசுமே என்ற பயம் ஒரு பக்கம், வேறு வழியில்லையே என்ற கவலை மறுபக்கம். யுத்தம் எங்கள் குடும்பங்களை எந்த நிலையில் விட்டுச் சென்றது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணவனை இழந்து, பிள்ளைகளின் சாப்பாட்டுக்காக ஆடைத் தொழிற்சாலைக்கோ மத்திய கிழக்குக்கோ போகவேண்டியவளான மகள் இருக்கிறாள். பெற்ற பிள்ளைகள் எல்லோரையும் பறிகொடுத்துத் தனித்துப்போன தாய் இருக்கிறாள். 2009இல் செட்டிகுளம் முகாம்களிலிருந்து, கூட்டிச் செல்ல எவருமில்லாத முதியவர்கள் பலர் நேரே இல்லங்களுக்குத்தான் போனார்கள்.

ஆகவே இல்லத்தில் விட்டது சரியா பிழையா என்ற வழக்கை இந்த மாதம் நாங்கள் பேசப்போவதில்லை. விட்ட பிறகு எங்கள் பொறுப்பு என்ன, அந்த இல்லம் ஒழுங்காக நடக்கிறதா என்பதை எப்படி அறிவது, குறை இருந்தால் அதை எப்படித் திருத்துவிப்பது என்பதையே பார்ப்போம். இல்லங்களில் பராமரிப்பாளராக வேலை செய்யும் சகோதரிகளும் இதை வாசிக்கிறார்கள். இது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்களின் உரிமைகளுக்கென 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம் உண்டு. 2011இல் இது திருத்தப்பட்டது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்பதோடு, பிள்ளைகளற்ற, கைவிடப்பட்ட முதியவர்களுக்குத் தங்குமிடம் வழங்குவது அரசின் கடமை என்றும் இச்சட்டம் கூறுகிறது. ஐந்துக்கு மேற்பட்ட முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் எதுவாயினும், அது கோவில் நடத்தினாலென்ன, தேவாலயம் நடத்தினாலென்ன, தனியார் நடத்தினாலென்ன, பதிவு செய்யப்பட வேண்டும். கைதடியில் இருப்பதுபோன்ற அரச முதியோர் இல்லம் மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் நடைபெறுகிறது.

எனவே நீங்கள் கேட்கவேண்டிய முதலாவது கேள்வி, "இந்த இல்லம் பதிவு செய்யப்பட்டதா?" என்பதே. பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒழுங்கான நிர்வாகம் அதைச் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கும்.

சொல்லாமல் போங்கள்

பெரியவர்கள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே அறிவித்தால், அன்று முற்றம் கூட்டியிருக்கும், புதுச் சேலை உடுத்தியிருக்கும், கோழிக்கறியும் இருக்கும். அதைப் பார்த்து வந்து பயனில்லை. ஒருமுறை காலை உணவு வேளையிலும், இன்னொருமுறை மாலை ஆறு மணியளவிலும் போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பராமரிப்பாளர் என்று கேளுங்கள். இரவில் மலசலகூடம் போகும்போது முதியவர்கள் விழுந்துவிடக்கூடும். பகலில் ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில், இரவில் இருபது முதியவருக்கு ஒரே ஒரு பெண் மாத்திரம் இருப்பாளாயின், அந்த இல்லத்தின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே போனதும் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

மணம்: சிறுநீர் மணம் ஒருவரின் கட்டிலருகே மட்டும் இருந்தால் அது சற்று முன் நடந்ததாக இருக்கலாம். மண்டபம் முழுவதும் நாளாந்தம் இருந்தால், துணி மாற்ற ஆளில்லை அல்லது துணியே போதாது என்று அர்த்தம்.

தண்ணீர்: படுக்கையில் இருப்பவரின் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? மலசலகூடம் போகும் தொல்லைக்குப் பயந்து முதியவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். நாக்கு வறண்டு, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் உடலில் நீர் குறைந்துவிட்டது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரெனத் தடுமாறினால், "ஆச்சிக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். நீர் குறைந்தாலும், சிறுநீரில் கிருமித் தொற்று ஏற்பட்டாலும் இப்படி நடக்கும். உடனே வைத்தியரிடம் காட்டினால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

சாப்பாடு: இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? சில இடங்களில் வேலையாட்கள் நேரத்துக்கு வீடு போகவேண்டும் என்பதற்காக மாலை ஐந்தரை மணிக்கே கொடுத்துவிடுவார்கள். மறுநாள் காலைச் சாப்பாடு எட்டரை மணிக்கென்றால், இடையில் பதினைந்து மணித்தியாலம் வெறும் வயிறு. நீரிழிவுக்குக் குளுசையோ ஊசியோ எடுப்பவருக்கு இது ஆபத்து. இரவு எட்டு மணியளவில் ஒரு கோப்பை பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. பல்லில்லாதவருக்குப் புட்டைக் குழைத்தோ, இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்தோ கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். மாதம் ஒருமுறை எல்லோரின் நிறையையும் அளந்து எழுதுமாறு கேளுங்கள். நாற்பது கிலோ இருந்த தாய் ஒரு மாதத்தில் காரணமின்றி இரண்டு கிலோ குறைந்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

தோல்: எழுந்து நடமாட முடியாதவரின் குதிக்கால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, முழங்கை ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின்பும் சிவப்பு மாறாதிருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதே முதல் மருந்து. யார் எப்போது புரட்டினார்கள் என்று கட்டிலில் ஒரு தாள் தொங்கினால் ஒருவரும் மறக்கமாட்டார்கள்.

குளுசை: ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, தனித்தனி கிளினிக் கொப்பி இருக்கவேண்டும். கொடுத்தவுடன் குறிக்கவேண்டும். இரவில் சத்தம் போடுகிறார் என்பதற்காக வைத்தியர் எழுதாத நித்திரைக் குளுசை கொடுப்பதும், கட்டிலோடு கட்டி வைப்பதும் எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கவையல்ல.

மரியாதை: குளிக்க வார்க்கும்போது மறைப்பு உண்டா? ஆண் வேலையாள் பெண்களுக்கு உடை மாற்றுகிறாரா? அவரவர் சேலை அவரவருக்கே திரும்பி வருகிறதா? அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் யாரிடம் இருக்கின்றன? இல்லம் வைத்திருப்பதானால் எழுத்தில் பற்றுச்சீட்டுத் தந்திருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் தாயோடு தனியாகப் பேசுங்கள். நிர்வாகி பக்கத்தில் நிற்கும்போது "எல்லாம் நல்லம் பிள்ளை" என்றுதான் சொல்லுவார். கிணற்றடிப் பக்கம் கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் மெதுவாகக் கேளுங்கள்.

யுத்தத்தைக் கண்டவர்களுக்கு வேறு கவனிப்பு வேண்டும்

எங்கள் பகுதி இல்லங்களில் இருப்பவர்கள் வயது மட்டும் போனவர்கள் அல்லர். உடம்பில் செல் துண்டோடு வாழ்பவர்கள், பொய்க்காலோடு நடப்பவர்கள், பிள்ளையைக் கையளித்துவிட்டு இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாண் துண்டைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்கும் ஆச்சியைத் திருடி என்று ஏசுவது பாவம். சாப்பாட்டுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றவருக்கு நாளைக்கு இருக்குமோ என்ற பயம் சாகும்வரை போகாது. மூடியுள்ள ஒரு சிறு டப்பாவும் தினமும் புதிய இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தால் எறும்பும் வராது, பயமும் குறையும். தட்டை ஏந்தி வரிசையில் நிற்கவைக்கும் வழக்கம் இருந்தால், அதை மாற்றி மேசையில் பரிமாறச் சொல்லுங்கள். இலக்கம் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு, பெயரோடு அம்மா என்றோ ஐயா என்றோ கூப்பிடட்டும். திருவிழாக் காலத்தில் வெடி கொளுத்துவார்களாயின் முன்னரே சொல்லி, பயப்படுபவர் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மாலையானதும் படலையடியில் போய் நின்று மகனைப் பார்த்திருக்கும் தாயை இழுத்து வந்து கதவைப் பூட்டவேண்டாம். அங்கே ஒரு வாங்கு போட்டு, ஒருவர் கூட இருந்து, இருட்டியதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவது போதும். காணாமற்போன பிள்ளையின் படம் அவரின் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

இவற்றில் எதற்கும் வெளிநாட்டு நிதி தேவையில்லை.

குறை கண்டால் என்ன செய்வது?

பல சகோதரிகளின் பயம் எங்களுக்குத் தெரியும். "நான் ஏதும் சொன்னால் அம்மாவின் மேல் ஆத்திரத்தைக் காட்டுவார்களே, கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டால் எங்கே கொண்டுபோவேன்?" இந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் தனியே போய்ச் சண்டை பிடிக்கவேண்டாம் என்கிறோம்.

முதலில், அதே இல்லத்தில் உறவினரை வைத்திருக்கும் மூன்று நான்கு பெண்கள் ஒன்று சேருங்கள். உறவினர் எவருமில்லாத முதியவர்களுக்காகவும் நீங்களே பேசுங்கள். கண்டதைத் திகதியோடும் நேரத்தோடும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். "சாப்பாடு சரியில்லை" என்று எழுதுவதைவிட, "இந்தத் திகதி மாலை ஐந்தரைக்கு இரவுச் சாப்பாடு கொடுக்கப்பட்டது" என்று எழுதுவதே பெறுமதியானது. நல்லதாகக் கண்டதையும் எழுதுங்கள். பின்னர் நிர்வாகியைச் சந்தித்து, எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாமல், அவசரமான இரண்டு மூன்று விடயங்களை மட்டும் சொல்லி, எப்போது செய்து முடிப்பார்கள் என்று நாள் கேளுங்கள். அந்த நாளில் திரும்பிப் போய்ப் பாருங்கள். திரும்பிப் போகாவிட்டால் முதலிற் போனதும் வீண்.

மாற்றமில்லையென்றால் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமோ முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். சமையலறை, கிணறு, மலசலகூடம் சம்பந்தமான குறையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். அடித்தல், கட்டி வைத்தல், பணத்தைப் பறித்தல் போன்றவை குறையல்ல, குற்றம். அவற்றுக்கு நாள் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே பொலிஸில் முறையிடலாம். அரச இல்லத்தில் நடந்ததாயின் யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் உள்ள இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்களும் முறைப்பாட்டை ஏற்கும். அதற்குக் கட்டணமில்லை.

பராமரிக்கும் பெண்ணையும் பாருங்கள்

இல்லங்களில் இரவு பகலாக வேலை செய்பவர்கள் எங்களைப் போன்ற பெண்கள்தாம். அவர்களிலும் விதவைகள் உண்டு, காணாமற்போன கணவனைத் தேடுபவர்கள் உண்டு. பன்னிரண்டு மணித்தியாலம் நின்று, தனி ஆளாகக் கனமான உடம்பைத் தூக்கி, நாரி நோவோடு வீடு போகும் பெண்ணிடம் இனிமையான முகத்தை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமா? ஆகவே நிர்வாகத்திடம் கேட்கும்போது இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ஒருவரைத் தூக்க இரண்டு பேர் இருக்கிறார்களா? கையுறையும் சவர்க்காரமும் போதியளவு உண்டா? வாரத்தில் ஒருநாள் ஓய்வு உண்டா? சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு நிர்வாகம் 12 வீதம் கட்டுகிறதா? பராமரிப்பாளர் தொழிலுக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வசதி நாட்டில் இருக்கிறது. அதற்கு அவர்களை அனுப்ப நிர்வாகம் முன்வரலாம். களைத்துப்போன கை மெதுவாகத் தொடாது. பராமரிப்பவளின் நிலை உயர்ந்தால்தான் பராமரிப்பின் தரமும் உயரும்.

1991இல் ஐக்கிய நாடுகள் சபை முதியோருக்கென ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளில் சுதந்திரம், பங்கேற்பு, பராமரிப்பு, சுயநிறைவு, கண்ணியம் என ஐந்து தலைப்புகள் உண்டு. பராமரிப்பு அவற்றில் ஒன்று மட்டுமே. சாப்பாடும் கட்டிலும் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்துவிடக் கூடாது. மாதத்தில் ஒருநாள் இல்லத்து முதியவர்களே கூடியிருந்து, என்ன சமைப்பது, எப்போது விளக்கணைப்பது, எந்தக் கோவிலுக்கு அல்லது தேவாலயத்துக்குப் போவது என்று தீர்மானிக்கும் வழக்கத்தை ஆரம்பித்து வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊரில் இல்லம் இருந்தால், அங்கே உங்களுக்கு உறவினர் எவரும் இல்லாவிட்டாலும், மாதர் சங்கத்தில் இருந்து இருவர் மாதத்தில் ஒருநாள் போய்வர ஏற்பாடு செய்யுங்கள். கேட்க ஆளில்லாத ஆச்சிக்குக் கேட்க ஆளிருக்கிறது என்று தெரிந்தாலே அங்கே பல விடயங்கள் தாமாகத் திருந்தும். போய் வந்தவர்கள் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள். நல்ல முறையில் நடக்கும் இல்லங்களைப் பற்றியும் எழுதுங்கள். மற்றவர்களும் அதைப் பார்த்துப் பழகட்டும்.