நம் பிள்ளைகளின் சொந்தப் பாட்டுக்கு மேடை எங்கே?



பினாங்கு ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாத தமிழர் உண்டா? முன்பு பிட் ஸ்திரீட் என்று அழைக்கப்பட்ட சாலை. 1801-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. பக்கத்துத் தெருவான குயின் ஸ்திரீட்டில் 1833-இல் தோன்றிய மகா மாரியம்மன் ஆலயம். நம் முன்னோர் வியர்வை சிந்திய இந்த வட்டாரத்தை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இன்று இந்தப் பழைய நகரின் கடைவீடுகள் பல காப்பிக்கடைகளாகவும் சிறு கிளப்புகளாகவும் மாறிவிட்டன. சிலவற்றில் உள்ளூர் இசைக்குழுக்களும், சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடும் இளைஞர்களும் மேடை ஏறுகிறார்கள். ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்தாலே இடம் நிறைந்துவிடும். மலாய்ப் பாட்டு கேட்கலாம், ஆங்கிலப் பாட்டு கேட்கலாம். நம் பிள்ளை தமிழில் தானே எழுதிய பாட்டை அங்கே எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அல்லிகேட்ஸ் குழுவை நினைத்துப் பாருங்கள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற பினாங்குத் தமிழ்ச் சகோதரர்கள் முன்னின்று நடத்திய குழு அது. 1970-களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடிப் பாடியே தேர்ந்தவர்கள். நாடு திரும்பி மலாய்ப் பாடல்களால் எல்லா இனத்தவர் மனத்திலும் இடம் பிடித்தார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தபோது நாடே வருந்தியது. சிறிய மேடைதான் பெரிய கலைஞனை உருவாக்குகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் அவர்கள் புகழ் பெற்றது மலாய்ப் பாட்டில். தமிழில் சொந்தப் பாட்டு பாடுகிறவனுக்கு அப்படி ஒரு படிக்கட்டு அன்றும் இல்லை, இன்றும் போதுமான அளவு இல்லை.

இருந்தும் நம் இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பம் தமிழ்நாடு வரை எட்டியது. மலேசியத் தமிழனின் ராப்பை சென்னை இளைஞனும் கேட்டான். உறுமி மேளக் குழுக்களைப் பாருங்கள். பகலில் தொழிற்சாலையில் வேலை, மாலையில் ஒத்திகை, தைப்பூசத்தில் மேளம். இதுவும் உள்ளூர் இசைக்குழுதானே!

“வாடகைக்கே வழியில்லை, இதில் பாட்டு ஒரு கேடா?” என்று சில பெற்றோர் கேட்பது என் காதில் விழுகிறது. கிளப் என்றாலே குடி, குண்டர் கும்பல் என்ற பயமும் இருக்கிறது. பயம் நியாயமானது. ஆனால் பிள்ளையை மேடையிலிருந்து இறக்கிவிட்டால் அவன் எங்கே போவான்? ஒத்திகைக்கு நேரத்துக்கு வர வேண்டும், நால்வரோடு ஒத்துப்போக வேண்டும், பலர் முன்னால் நின்று தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் பிள்ளைக்கு வாழ்க்கைப் பாடம். தமிழ்நாட்டு நட்சத்திரங்களின் இசை நிகழ்ச்சிக்குக் கடன் வாங்கியாவது டிக்கெட் எடுக்கும் நாம், நம் தாமானில் வளர்ந்த பிள்ளைக்கு இருபது வெள்ளி கொடுக்கத் தயங்குவது ஏன்?

ஒரு வழக்கறிஞன் என்ற முறையில் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, மொழி உரிமை. கூட்டரசு அரசியலமைப்பின் 152-ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழி என்கிறது. அதே பிரிவு, அதிகாரப்பூர்வ தேவைகளைத் தவிர மற்றவற்றில் வேறு மொழியைப் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. தமிழில் பாடுவது யாரோ போடும் பிச்சை அல்ல.

இரண்டாவது, பாட்டின் உரிமை. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியோ ஒலிப்பதிவு செய்தோ வைத்தால்தான் உரிமை பிறக்கும். வாயால் பாடிவிட்டுப் போனால் போதாது. இன்னொரு ஆபத்து 26-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து “எனக்கு ஒரு பாட்டு போட்டுக் கொடு” என்று கேட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் பதிப்புரிமை அவருக்கே போனதாகக் கருதப்படும். ஐந்நூறு வெள்ளிக்கு ஒரு பையன் பாட்டு எழுதிக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாட்டு நாளை ஊரெல்லாம் ஒலித்தாலும் அவனுக்கு ஒரு காசும் வராமல் போகலாம். “பதிப்புரிமை என்னிடமே இருக்கும்” என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த நிலை வராது.

மூன்றாவது, லைசென்ஸ். 2015 ஆகஸ்டு 28-இல் அம்பாங்கில் ‘ருமா அப்பி’ என்ற சிறிய இசைக்கூடத்தில் போலீஸ் புகுந்து நூற்று அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. இது எந்த ஓர் இனத்துக்கும் மட்டும் நேர்ந்தது அல்ல. சிறிய மேடைகள் எவ்வளவு பலவீனமானவை என்பதையே காட்டுகிறது. பாடப் போகும் முன், அந்த இடத்துக்குப் பொழுதுபோக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை மூன்று:

1. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பாடும் நிகழ்ச்சிக்கு ஒருமுறையாவது குடும்பத்தோடு செல்லுங்கள். நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2. ஆலயங்களும் சங்கங்களும் தங்கள் மண்டபத்தை மாதத்தில் ஒரு மாலை இளைஞர்களின் சொந்தப் பாடல்களுக்குத் திறந்துவிட வேண்டும். குடி இல்லாத மேடை வேண்டும் என்றால் அதை நாம்தான் தர வேண்டும்.

3. பாரம்பரிய நகரம் என்று பெருமை பேசும் மாநில அரசும் மாநகர் மன்றமும் சிறு நிகழ்ச்சிகளுக்கு எளிய, குறைந்த கட்டண லைசென்ஸ் வழங்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு முடிவோடு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய நகரை விட்டு வெளியேறிய ஏழைக் குடும்பங்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகள் பாடவாவது அங்கே இடம் இருக்கட்டும்.

தமிழ்ப்பள்ளிக்காகப் போராடுகிறோம், ஆலயத்துக்காகப் போராடுகிறோம். அந்த மொழியில் புதுப் பாட்டு கட்டும் பிள்ளையை மறந்துவிட்டால் யாருக்காக இந்தப் போராட்டம்?

சிந்திப்போம்! செயல்படுவோம்!