வீட்டு ஜெபமும் ஒரு தம்ளர் தேநீரும்



இந்த மாதம் தேநீரைக் குறித்து எழுதுகிறேன். பாஸ்டருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையோ என்று எண்ண வேண்டாம். இந்த மும்பை மாநகரில் நம்முடைய வீட்டு ஜெபக் கூட்டங்கள் எப்படி முடிகின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆசீர்வாத ஜெபத்திற்கு ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து இஞ்சியும் ஏலக்காயும் மணக்கத் தொடங்கிவிடும். பத்துக்குப் பத்து அறையில் இருபது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்க, தம்ளர்கள் கைமாறி வரும். ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் சிறிய காரியமல்ல.

அப்படிப்பட்ட தேநீர்த் தட்டின் முன்னே நான் ஒரு சகோதரியை இடறப்பண்ணினேன்.

2013ஆம் ஆண்டின் மழைக்காலம். நெல்லைப் பக்கத்திலிருந்து திருமணமாகிப் புதிதாக வந்திருந்த சகோதரி அவர். தட்டு அவரிடம் வந்தபோது, "வேண்டாம் ஐயா, பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று மெதுவாகச் சொன்னார். நானோ எல்லாருக்கும் கேட்கும்படி, "ஸ்தோத்திரம் பண்ணிக் குடியுங்கள் சிஸ்டர், விசுவாசிக்கு ஒன்றும் செய்யாது" என்றேன். சிலர் அல்லேலூயா என்றார்கள். அவர் குடித்துவிட்டார். அதன்பின் மூன்று மாதம் கூட்டத்திற்கு வரவில்லை. புதிய ஊரின் மயக்கத்தில் பின்வாங்கிப் போனார் என்று நினைத்தேன். அந்த நினைவோடே ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்மாற்றத்தைக் குறித்துப் பிரசங்கமும் பண்ணினேன்.

என் மனைவி சந்திக்கப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. அன்றிரவு முழுவதும் வயிற்றுவலியும் கழிச்சலும். மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் அரைநாள் சம்பளம் போயிற்று. "அது போகட்டும் பாஸ்டரம்மா, எனக்கு விசுவாசமில்லை என்று எல்லாரும் நினைத்திருப்பார்களே, அந்த முகங்களை எப்படிப் பார்ப்பேன்" என்று அழுதாராம். அந்த வார மாலையே நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். அவருடைய கணவருக்கு முன்பாக மன்னிப்புக் கேட்டேன். அவர் எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தார். பால் சேராதது. நம் தாத்தா பாட்டிமார் காலமெல்லாம் குடித்தது அதைத்தானே!

வேதாகமக் கல்லூரியில் ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தைக் குறித்துப் பரீட்சை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். போஜனத்தினிமித்தம் சகோதரனைத் துக்கப்படுத்துவதைப் பற்றி அப்போஸ்தலர் எழுதியது தேநீருக்கும் பொருந்தும் என்பது எனக்கு அன்றுவரை தோன்றவில்லை. தெய்வீக சுகத்தை நான் விசுவாசிக்கிறேன், இன்றும் பிரசங்கிக்கிறேன். ஆனாலும் வியாதியஸ்தரைச் சொஸ்தமாக்கிய அதே பவுல், 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தில் தீமோத்தேயுவின் வயிற்றை நினைத்து அவன் குடிப்பதை மாற்றச் சொல்லுகிறார். (அங்கே வரும் திராட்சரசத்தைப் பற்றிய வாதத்தை இங்கே எழுப்ப வேண்டாம்.) தீமோத்தேயுவுக்கு விசுவாசமில்லை என்று அவர் சொல்லவில்லை.

பால் ஒத்துக்கொள்ளாமை என்பதில் இரண்டு வகை உண்டு. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் லாக்டேஸ் என்ற நொதி, பால்குடி மறந்தபின் பலருக்குச் சிறுகுடலில் குறைந்துபோகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குச் சென்று அங்கே நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவையும் வலியையும் கழிச்சலையும் உண்டாக்குகிறது. வடநாட்டாரைவிடத் தென்னிந்தியரிடம் இது அதிகம். இவர்களில் பலர் சிறிது தயிரையோ மோரையோ தாங்குவார்கள். மற்றொன்று பாலின் புரதத்தால் வரும் ஒவ்வாமை. இது துளியளவு பாலிலும் தடிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கக் கூடும். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. இரண்டில் எது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும், பாஸ்டர் அல்ல.

இனி அடுப்படிக்கு வருவோம். இதை என் மனைவியிடம் கற்றுக்கொண்டேன். முதல் நான்கு முறை திரிந்தது, அதையும் நானே குடித்தேன்.

நான்கு பேருக்கு இரண்டரைத் தம்ளர் தண்ணீர் வையுங்கள். விரலளவு இஞ்சியைத் தட்டி, நான்கு ஏலக்காய், இரண்டு கிராம்பு, சிறு துண்டுப் பட்டை, நான்கு மிளகு சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாய்க் கொதிக்க விடுங்கள். இஞ்சியை எப்போதும் தண்ணீரில்தான் முதலில் கொதிக்க வைக்க வேண்டும். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு, அது கொதியில்தான் அடங்கும். இங்கே காய்கறிக்காரரிடம் 'கவதி சஹா' என்று கேட்டால் எலுமிச்சைப்புல் கட்டு தருவார். இரண்டு தாள் கிள்ளிப் போட்டால் பால் இல்லாத குறையே தெரியாது. பிறகு மூன்று சிறு கரண்டி தூள் போட்டு இரண்டு நிமிடத்திற்குமேல் கொதிக்க விடாதீர்கள். மாட்டுப்பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்றப் பால்கள் அந்த அளவு செய்யாது. நம் வழக்கப்படி கருக்கக் காய்ச்சினால் கசக்கும். சர்க்கரை சேர்த்து வடிகட்டுங்கள்.

பாலை வேறு பாத்திரத்தில் ஆவி வரும்வரை மட்டும் சூடாக்கி, அடுப்பை அணைத்து, அந்தப் பாலுக்குள் டிகாக்ஷனைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். பாலைத் தூக்கிக் கொதிக்கும் டிகாக்ஷனில் கொட்டினால் புளிப்புத்தன்மையும் சூடும் சேர்ந்து திரித்துவிடும். சோயா பாலில் இது அதிகம் நடக்கும்.

எந்தப் பால்? கடையில் பெட்டியில் வருவது நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது. வீட்டில் எளிதானது முந்திரி. உடைந்த முந்திரி மலிவு. இருபது பருப்பு அளவுக்கு எடுத்து வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, ஒன்றரைத் தம்ளர் தண்ணீர்விட்டு மைபோல் அரைத்தால் வடிகட்டவும் வேண்டாம். சோயாவானால் 100 கிராம் பருப்பை இரவு ஊறவைத்து, தோலைத் தேய்த்து நீக்கி, வெந்நீர் விட்டு அரைத்தால் பச்சை வாடை குறையும். மொத்தம் ஒரு லிட்டர் தண்ணீர். துணியில் பிழிந்தபின் கிளறிக்கொண்டே பதினைந்து நிமிடம் காய்ச்சுவது கட்டாயம், பச்சைச் சோயா செரிக்காது. தேங்காயின் இரண்டாம் பால் கருப்பட்டியோடு மிக நன்றாயிருக்கும், கொதிக்க மட்டும் விடக்கூடாது. ஓட்ஸ் பாலை வீட்டில் செய்து காய்ச்சினால் கஞ்சியாகிவிடும். எங்களுக்கு அது சரிப்படவில்லை. முந்திரியும் சோயாவும் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, கேட்டுக் கொடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் பால் தேநீர் வடித்த வடிகட்டியைத் தொடவே கூடாது. 'டெய்ரி வைட்னர்' பால்பொடிதான். பாலில்லை என்று விற்கப்படும் சில க்ரீமர் பொடிகளிலும் கேசினேட் என்னும் பால்புரதம் உண்டு. தட்டில் வைக்கும் பிஸ்கட்டையும் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளின்படி பால் சேர்ந்திருந்தால் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும். இந்தப் பால்களை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். வீட்டில் செய்யும் பாலில் சுண்ணாம்புச்சத்து குறைவு. கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி ஆகியவற்றால் அதை ஈடுசெய்யலாம்.

இந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம் அந்தச் சகோதரியின் வீட்டில். இப்பொழுது அந்த வட்டாரத்து ஜெபக் குழுவை நடத்துகிறவர் அவரே. இரண்டு பிளாஸ்க் வைத்திருப்பார். பால் சேராததன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். போன மாதம் அதுதான் முதலில் தீர்ந்துபோயிற்று. கடைசியில் வந்த எனக்குக் கிடைக்கவில்லை.