டிரெய்லருக்குக் கழித்த டயர் போதுமா?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால், ஆலைக்குப் போகும் சாலைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பாரம் ஏற்றிய டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் பின்னால் ஒரு கல், கல்லின் மேல் ஒடித்துப் போட்ட புங்கங்கிளை. டிரைவர் சக்கரத்தை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போயிருப்பார். டிராக்டருக்கு என்றால் கடன் வாங்கியாவது நல்ல டயர் போடுகிறோம். பாரத்தைச் சுமப்பது டிரெய்லர். அதற்கு மட்டும் லாரிக்காரர் வேண்டாம் என்று கழித்ததை வாங்கிப் போடுகிறோம். இது சிக்கனம் அல்ல என்பது என் கருத்து.

நானும் அப்படிச் செய்தவன்தான். 2016-ஆம் ஆண்டு வெட்டின்போது, கெடிலம் ஆற்றுப் பாலத்துக்கு இப்பால், இரவு 10 மணிக்கு என் டிரெய்லரின் பின்சக்கரம் வெடித்தது. இரண்டு மாதம் முன்புதான் பழைய டயர் கடையில் வாங்கியது. பட்டன் பாதிக்கு மேல் இருந்தது. புதிது போலவே கறுப்பாக மினுங்கியது. உதவிக்கு வந்த பையன் சாலையோர மண்ணில் ஜாக்கியை வைத்து ஏற்ற, ஜாக்கி மண்ணில் புதைந்து வண்டி ஒரு சாண் இறங்கிற்று. அந்த நேரத்தில் அவன் கை வெளியே இருந்தது. உள்ளே இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மறுநாள் பிற்பகல்தான் பாரம் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. வெட்டிய கரும்பு காயக் காய எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும் என்பதைக் கரும்புக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிராக்டர் காத்துக் கிடந்த வாடகை வேறு.

பஞ்சர் கடைப் பெரியவர் அந்த டயரைப் பிரித்துக் காட்டினார். உள்பக்கம் முழுதும் தேய்ந்து, நூல் பிரிந்து, ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. “பட்டனைப் பாத்து வாங்கியிருக்கீங்க, பக்கத்தைப் பாக்கலையே” என்றார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

டிரெய்லர் டயரின் வாழ்வு லாரி டயரின் வாழ்வைப் போன்றது அல்ல. லாரி தினமும் ஓடுகிறது. அதன் டயர் தேய்ந்துதான் சாகும். நம் டிரெய்லர் வெட்டுக்காலத்தில் சில மாதம் அளவுக்கு மீறிச் சுமக்கும். மீதி நாளெல்லாம் களத்து ஓரத்தில் வெயிலிலும் மழையிலும் ஒரே இடத்தில் நிற்கும். நிற்கிற டயரின் பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் கிழடாகிவிடும், பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்பு விழும். ஆகவே பட்டன் உயரத்தைப் பார்த்து டிரெய்லர் டயரை மதிப்பிடுவது, கொம்பை மட்டும் பார்த்து மாடு பிடிப்பதற்குச் சமம்.

மாட்டுக்குப் பல் பார்ப்பது போல் டயருக்கும் வயது பார்க்க வழி இருக்கிறது. டயரின் பக்கத்தில், ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் உண்டு, புரட்டிப் பாருங்கள். அந்த இடம் சுரண்டப்பட்டிருந்தால் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். 6 ஆண்டு தாண்டிய டயரை, இனாமாகக் கொடுத்தாலும், பாரவண்டிக்கு நான் வாங்கமாட்டேன். புதுப் பட்டன் ஒட்டிய டயருக்கும் இதே கணக்குத்தான். மேலே ஒட்டியது புதிதே தவிர, பாரம் தாங்கும் உடல் பழையது. உடல் நல்லதாக இருந்தால் அப்படி ஒட்டிய டயரை டிரெய்லருக்குப் போடுவதை நான் குறை சொல்லவில்லை. டிராக்டரின் முன்சக்கரத்துக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்தது காற்று. பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. அது குறைந்தால் சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் டயரின் பக்கம் மடிந்து நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் எப்படிச் சூடேறுமோ அப்படியே இதுவும் சூடேறுகிறது. சூட்டில் ரப்பர் நூலை விட்டுப் பிரிகிறது, கடைசியில் வெடிக்கிறது. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் வெடிக்காது என்று ஊரில் சொல்வார்கள். நேர்மாறான யோசனை அது. காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிய பிறகு அளவு ஏறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடக் கூடாது.

எத்தனை பவுண்டு வைப்பது? அதையும் டயரே சொல்கிறது. அதிகபட்சப் பாரம் இத்தனை கிலோ, அதற்குக் காற்று இவ்வளவு என்று பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். சில டயர்களில் பவுண்டுக் கணக்கு இல்லாமல் கே.பி.ஏ. என்ற கணக்கு மட்டும் இருக்கும். அதை ஏழால் வகுத்தால் ஏறக்குறைய பவுண்டு வந்துவிடும்; 550 என்றிருந்தால் சுமார் 80 பவுண்டு. காலால் உதைத்துப் பார்ப்பதும் ஸ்பானரால் தட்டிப் பார்ப்பதும் அளவாகாது. கையில் ஒரு காற்று அளவுமானி இருக்கட்டும்.

மாட்டு வண்டி வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டயர் வண்டியில் காற்று குறைந்தால் வெடிப்பது அரிது. ஆனால் தார்ச்சாலையில் இழுவை கூடும், அந்தப் பாரம் மாட்டின் கழுத்தில்தான் இறங்கும். மாடு வாய் திறந்து சொல்லாது. 1888-இல் காற்றடைத்த டயரைச் செய்து உரிமை பெற்ற டன்லப் என்பவர் தொழிலால் கால்நடை மருத்துவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இனி, புது டயர் வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் “9.00-16 கொடுங்கள்” என்று அளவை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே அளவில் பல வலுவுள்ள டயர்கள் இருக்கின்றன. 14 பி.ஆர்., 16 பி.ஆர். என்று அச்சிட்டிருப்பது வலுவின் தரம். உள்ளே அத்தனை அடுக்கு இருக்கிறது என்று பொருள் அல்ல. முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள். காலி டிரெய்லர் ஒன்றரை டன், கரும்பு 6 டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏழரை டன். நான்கு சக்கரத்துக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 1,875 கிலோ. டயரில் பாரக் குறியீட்டு எண் 130 என்றிருந்தால் அது தாங்குவது 1,900 கிலோ. காகிதத்தில் இது சரியாகவே இருக்கும். ஆனால் கரும்பு ஒரு பக்கம் சரிந்து அடுக்கப்படுகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எதிர்ச்சக்கரம் தூக்கி நிற்கிறது. 25 கிலோ மிச்சம் எந்த மூலைக்கு? குறியீடு 140 என்றால் 2,500 கிலோ. அதைத்தான் வாங்க வேண்டும். பாரக் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே வேகத்துக்கு ஓர் எழுத்தும் உண்டு. ஏ8 என்றால் மணிக்கு 40 கிலோமீட்டர்தான். புறவழிச் சாலையில் அதைத் தாண்டி விரட்டும் டிரைவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நான்கும் புதிதாக வாங்கப் பணம் இல்லையென்றால், இரண்டு வாங்கி ஒரே அச்சில் போடுங்கள். ஒன்று புதிது, ஒன்று மொட்டை என்று ஒரே அச்சில் மாட்டுவதும், ரேடியலையும் சாதா டயரையும் ஜோடி சேர்ப்பதும் கூடாது. புது டயருக்குப் புது டியூபும் பிளாப்பும் போடுங்கள். நீண்டு போன பழைய டியூபு உள்ளே மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும். அரைகுறை டயர் நான்கு வாங்குவதைவிட நல்ல டயர் இரண்டு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வழியில் டயர் போய்விட்டால் அவசரம் கூடாது. முடிந்தவரை கெட்டியான, சமமான இடத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். அதில் டயர் கிழிந்தால் கிழியட்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வேண்டும். என் டிரெய்லரில் இப்போது ஒரு துண்டுப் பலகை எப்போதும் கட்டியே கிடக்கிறது. தூக்கியவுடன் ஸ்டெப்னியையோ ஒரு மரக்கட்டையையோ சட்டத்துக்கு அடியில் தள்ளிவிட்டால், ஜாக்கி வழுக்கினாலும் ஆள் தப்புவார். ரிங் வைத்த சக்கரமானால் காற்றை முழுதும் இறக்காமல் ரிங்கைத் தொடக் கூடாது. காற்று ஏற்றும்போது அதன் எதிரில் நிற்கவும் கூடாது. மாட்டிய பின் சில கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். இரவில் புங்கங்கிளை யார் கண்ணுக்கும் தெரியாது. ஒளிரும் முக்கோணப் பலகை ஒன்று வாங்கி வையுங்கள். வேலை முடிந்ததும் அண்டைக் கொடுத்த கல்லைச் சாலையிலேயே விட்டுப் போகிறவர்களும் நம்மவர்கள்தான். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் என்ன பாவம் செய்தார்?

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியது. ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆலை முற்றத்தில் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. பாரம் இறக்கிய வண்டி வெளியே போகும் வாசலில் ஒரு காற்று இயந்திரமும், டயர் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால் என்ன? தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் ஒரு நல்ல ஜாக்கியும் அளவுமானியும் வாடகைக்கு வைத்தால் இரண்டு ஏக்கர்க்காரனும் பயன்படுத்துவான். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்க இருக்கிறேன். உங்கள் பகுதியிலும் கேளுங்கள்.